ஜாம்பிகள் வந்தால் தண்ணீருக்கு எங்கே போவது?

2011 மே மாதம் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு விசித்திரமான அறிவுரையை வெளியிட்டது. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைக் கடிக்கத் தொடங்கினால் வீட்டில் என்னென்ன எடுத்து வைத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எழுதியவர் அந்த மையத்தில் நெருக்கடிக்கால ஆயத்தப் பிரிவுக்குத் தலைமை வகித்த டாக்டர் அலி கான். புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஆயத்தமாகுங்கள் என்று ஆண்டுதோறும் சொல்லியும் திரும்பிப் பார்க்காத மக்கள், ஜாம்பி என்றதும் முண்டியடித்துக்கொண்டு படிக்க வந்ததில் இணையதளமே முடங்கிப் போனது. அந்தப் பட்டியலின் முதல் வரி தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர். துப்பாக்கியும் கோடரியும் சினிமாக்காரர்களுக்கு; அரசு மருத்துவர் கேட்டது குடம் எங்கே என்றுதான்.

இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் புயல், வெள்ளம் பற்றிய அரசுக் கையேடுகளில் இல்லாத ஒரு நேர்மை ஜாம்பிக் கதைக்கு இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர்கூட நாளைக்கு வரமாட்டார் என்று அது முதல் காட்சியிலேயே சொல்லிவிடுகிறது. துணைமின் நிலையத்தில் ஆள் இல்லை, நீரேற்று நிலையத்தில் ஆள் இல்லை, குளோரின் கலக்க ஆள் இல்லை, கேன் போடுகிற தம்பி வரமாட்டார், லாரிக்கு டீசல் கிடையாது. புயல் என்றால் நான்கு நாளில் மின்வாரிய ஊழியர்கள் ஏணியோடு வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை மனத்தின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் எஞ்சுவது ஒரே கேள்வி. மோட்டார் ஓடாமல் நம் தெருவில் எங்கே தண்ணீர் கிடைக்கும்? நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் ஒரு சிறுபிள்ளை இதற்குப் பதில் சொல்லியிருக்கும். இன்று பெரியவர்களே யோசிப்பார்கள். பாட்டிலும் கேனும் வாங்கிக் குவிப்பதால் இந்தக் கேள்வி தீராது. கைக்கு எட்டும் தூரத்தில் மின்சாரம் வேண்டாத ஒரு நீர்நிலை, ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடர், மூடி போட்ட ஒரு பாத்திரம், இந்த மூன்றும் இருக்கிற தெரு தப்பிக்கும். இவற்றில் முதலாவதை நாம் நம் கையாலேயே மூடிக்கொண்டு வருகிறோம் என்பதுதான் என் கவலை.

சேமிப்புக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அமெரிக்கக் கணக்குப்படி இரண்டு வாரத்துக்கு ஏறத்தாழ 213 லிட்டர் வேண்டும். இருபது லிட்டர் கேன்களில் பதினொன்று. வைக்க இடம் இருந்தால் வைக்கலாம், தவறில்லை. ஆனால் இது குடிக்கவும் கொஞ்சம் சமைக்கவும் மட்டுமே போதும். பேரிடர் நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் கையேடு, குளியல், கை கழுவல், பாத்திரம் கழுவல் எல்லாம் சேர்த்து ஆளுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. அப்படியானால் அதே குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 60 லிட்டர். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி நிரம்பியிருந்தால் பதினாறு நாள் ஓடும். கீசரிலும் பதினைந்து இருபது லிட்டர் நல்ல தண்ணீர் யார் கண்ணிலும் படாமல் நிற்கும். ஆக, முதல் இரண்டு வாரத் தண்ணீர் தொட்டி உள்ள வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. கழிவறையில் ஒரு தடவை அழுத்தினால் ஆறு முதல் பத்து லிட்டர் போவதால் அது சில நாளிலேயே தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். முதல் மணி நேரத்தில் கடைக்கு ஓடி வரிசையில் நிற்பதைவிட, கழிவறைத் தொட்டிக்குப் போகும் குழாயைத் திருகி மூடுவது பெரிய வேலை. பதினேழாவது நாள் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கதையிலும் அப்படித்தான், நாயகனின் முதுகுப்பை மூன்றாவது காட்சியில் காலியாகிவிடும்.

ஜாம்பிக் கதை எழுதுபவர்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. ஆற்றில் ஒரு பிணத்தை மிதக்கவிட்டு, இனி இந்தத் தண்ணீர் விஷம் என்று காட்டுவார்கள். பார்ப்பவர் வயிறு குமட்டும். ஆனால் மருத்துவச் சான்று வேறு பக்கம் நிற்கிறது. நிலநடுக்கத்திலோ சுனாமியிலோ காயத்தாலும் மூழ்கியும் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்பதை உலக சுகாதார அமைப்பும் அதன் அமெரிக்கக் கண்டப் பிரிவும் பல ஆண்டுகளாகச் சொல்லி அலுத்துவிட்டன. பிணம் கிடக்கும் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு வரலாம். அதைத் தவிர்ப்பது சரிதான். ஆனால் ஊரையே அழிப்பது உயிரோடு இருப்பவர்களின் மலம். 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து எல்லை தாண்டி, அன்றைய ஜயரில் இருந்த கோமா நகரைச் சுற்றி லட்சக்கணக்கான அகதிகள் குவிந்தார்கள். எரிமலைப் பாறை நிலம். கழிப்பிடக் குழி தோண்ட முடியவில்லை. குடிக்க கிவு ஏரியின் தண்ணீர். காலராவும் சீதபேதியும் சேர்ந்து முதல் மாதத்தில் மட்டும் சுமார் ஐம்பதாயிரம் பேரைக் கொண்டுபோயின. 2010 அக்டோபரில் ஹைதியில் நடந்ததும் இதே கதைதான். நிலநடுக்கம் நடந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. பிணங்களால் வந்த நோயாக இருந்தால் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். ஐநா அமைதிப்படை முகாமிலிருந்து ஆற்றில் கலந்த கழிவு காலராவைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். ஆறு ஆண்டு கழித்து ஐநா பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். எனவே ஜாம்பிகள் வந்த நாளிலும் பயப்பட வேண்டியது ஆற்றில் மிதக்கும் ஜாம்பியைப் பார்த்து அல்ல. ஆற்றின் மேல்பக்கம் கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிற, நம்மைப் போலவே ஓடி வந்த ஐந்நூறு பேரைப் பார்த்துத்தான்.

தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தாலும் அங்கே போய்வர வேண்டுமே. ஜாம்பிப் படங்கள் மிகச் சரியாகச் சொல்லும் ஒரு விஷயம் இது: வெளியே போகும் ஒவ்வொரு நடையும் உயிரைப் பணயம் வைப்பது. இதன் நிஜ உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சரயேவோவுக்குப் போக வேண்டும். 1992 ஏப்ரலிலிருந்து 1996 பிப்ரவரி வரை அந்த நகரம் முற்றுகையில் கிடந்தது. நகரத்துக்குத் தண்ணீர் தரும் கிணறுகள் முற்றுகையிட்டவர்கள் கையில் இருந்த இலிட்ஜா பகுதியில் இருந்தன. மின்சாரமும் அவர்கள் விட்டால்தான். நான்காவது மாடியில் குடியிருந்தவர் கையில் கேனோடு இறங்கி, குறிபார்த்துச் சுடுபவர்கள் பார்வையில் படும் சந்திப்புகளை ஓடிக் கடந்து, வரிசையில் நின்று, இருபது கிலோவைச் சுமந்துகொண்டு அதே சந்திப்பை மெதுவாகத் திரும்பக் கடக்க வேண்டும். பெரும்பாலோர் தண்ணீர் பிடிக்கப் போன இடம் ஒரு பீர் ஆலை. ஆலைக்கென்று மலையடிவாரத்தில் சொந்த ஊற்று இருந்தது, அதுதான் காரணம். அங்கே நின்ற வரிசையின் மீதும் குண்டு விழுந்தது. 1993 ஜூலையில் டோப்ரின்யா பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில் இருந்த பொதுக் குழாயடியில் காத்திருந்தவர்கள்மீது விழுந்த ஒரே குண்டில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அமெரிக்க நிவாரணப் பொறியாளர் ஃபிரெட் கூனி, சுத்திகரிப்பு இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்து ஒரு சாலைச் சுரங்கத்துக்குள் பொருத்தி ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து நகரக் குழாய்களில் விட ஏற்பாடு செய்தார். நகரத்தில் தண்ணீரே இல்லாமல் இல்லை. ஆறு நடுவில்தான் ஓடியது. மனிதன் அதை நோக்கி நடந்த தூரத்தில்தான் செத்தான். தூரத்தைக் குறைப்பதே கூனியின் வேலையாக இருந்தது.

தண்ணீர் கிடைத்துவிட்டது, அதைக் குடிக்கும்படி ஆக்குவது எப்படி? கொதிக்க வை என்பதுதான் எல்லோரும் சொல்லும் முதல் பதில். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, உதகை போன்ற உயரத்தில், மூன்று நிமிடம். கிருமியைக் கொல்வதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அடுப்பு எரிய வேண்டும். திறந்த அடுப்பில் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ ஒரு கிலோ விறகு போகும் என்று நெருக்கடிக்கால நீர்க் கையேடுகள் கணக்குச் சொல்கின்றன. சிலிண்டர் தீர்ந்த நகரத்தில் நான்கு பேர் குடிக்கத் தினம் பன்னிரண்டு கிலோ விறகுக்கு எங்கே போவது? அதற்காக வெளியே போகும் நடையும் சேர்ந்துகொள்கிறது. அதனால் என் ஓட்டு குளோரினுக்கு. கால்வாசி வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் நாற்பது கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் லிட்டருக்கு நான்கு சொட்டு. இருபது லிட்டர் கேனுக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. கலக்கி அரை மணி நேரம் வைத்தபின் லேசாக மருந்து வாடை அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் இன்னொரு முறை. தண்ணீர் கலங்கலாக இருந்தால் அளவு இரட்டிப்பு. இந்தக் கணக்கில் ஒரு கிலோ பவுடர் ஒன்றேகால் லட்சம் லிட்டரைக் காக்கும். ஐம்பது குடும்பம் உள்ள ஒரு தெரு, வீட்டுக்கு 60 லிட்டர் வீதம், நாற்பது நாளுக்கு மேல் ஒரே கிலோவில் ஓட்டிவிடலாம். பவுடர் காற்றுப் பட்டால் வீரியம் இழக்கும் என்பது ஒரு குறை. திறந்த மூட்டையில் ஆறு மாதம் கிடந்ததை நம்பக் கூடாது.

குளோரின் இல்லாதவர் என்ன செய்வது என்றால், அதற்கும் வழிகள் உண்டு. நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலில் தெளிந்த தண்ணீரை நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் கிடத்தினால் சூரியனின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் கிருமிகளைக் கொன்றுவிடும். மேகமூட்டமானால் இரண்டு நாள். சித்திரை மாதத்து வேலூருக்கு இது பிரச்சினையே இல்லை. கலங்கலைத் தெளியவைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறம் உரசும் வழக்கம் நமக்கு மிகப் பழையது. முருங்கை விதைக்கும் அதே குணம் உண்டு. இரண்டும் மண்ணைக் கீழே இறக்கும், கிருமியை முழுதாகக் கொல்லாது. தெளிந்த தண்ணீரில் குளோரினும் வெயிலும் நன்றாக வேலை செய்யும் என்பதே அவற்றின் பயன். பழைய சேலையை நான்காக மடித்து வடிகட்டும் வழக்கத்தை வங்கதேசத்தின் மத்லப் பகுதிக் கிராமங்களில் ரீட்டா கோல்வெல் தலைமையிலான குழு சோதித்து 2003இல் முடிவை வெளியிட்டது. காலரா 48 சதவீதம் குறைந்திருந்தது. காலராக் கிருமி நுண்ணிய நீருயிர்களின் உடம்பில் ஒட்டிக்கொண்டு வருவதும், சேலை அந்த உயிர்களைத் தடுத்துவிடுவதும் காரணம். புதுச் சேலையைவிட நைந்த சேலை நன்றாக வடிகட்டுகிறதாம். இத்தனையும் செய்து சுத்தமாக்கிய தண்ணீரை அகன்ற வாய்ப் பக்கெட்டில் வைத்து ஆளாளுக்குக் கைவிட்டு மொண்டால் எல்லாம் வீண். 1990களில் மலாவியின் ஓர் அகதி முகாமில் மூடியும் குழாய் மூக்கும் வைத்த வாளிகளைச் சில வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளின் தண்ணீரில் மலக் கிருமி 69 சதவீதம் குறைந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு 31 சதவீதம் குறைந்தது. தண்ணீர் ஒன்றுதான், மாறியது பாத்திரம். நம் வீட்டுக் குடத்தின் குறுகிய கழுத்து இந்த வேலையை நெடுங்காலமாகச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

தண்ணீரை விட்டுவிட்டு வேறு பானங்களால் காலம் தள்ள முடியுமா என்பது கேட்க இனிமையான கேள்வி. தமிழர்க்கு உடனே நினைவு வருவது இளநீர். ஓட்டுக்குள் கிருமி இல்லாத, உப்புச்சத்துள்ள பானம். குறை சொல்ல முடியாது. ஆனால் காய்க்கு 300 மில்லி என்று வைத்துக்கொண்டால் ஒரு ஆளுக்கு நாளைக்குப் பத்துக் காய், குடும்பத்துக்கு நாற்பது. ஒரு மரம் ஓராண்டு முழுக்கக் காய்ப்பதை ஒரு குடும்பம் இரண்டரை நாளில் தீர்த்துவிடும், அதுவும் மரம் ஏறத் தெரிந்த ஒருவர் கடிபடாமல் மிஞ்சியிருந்தால். பதநீருக்கும் இதே கதிதான். பனையேறிகள் இப்போதே அருகி வருகிறார்கள். கடைகளைச் சூறையாடிக் கிடைக்கும் கலர், சோடாவெல்லாம் குடிக்கலாம், பாதுகாப்பானவை, ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். கடல்நீர் கூடவே கூடாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ள அதை வெளியேற்ற, குடித்த அளவைவிட அதிகத் தண்ணீரைச் சிறுநீரகம் செலவழிக்கும். குடிக்கக் குடிக்கத் தாகம்தான். பீர் பற்றி ஒரு பழைய புகழ்க்கதை உண்டு. 1854இல் லண்டன் பிராட் தெருவில் ஓர் அடிபம்பைச் சுற்றிக் காலரா பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அதே தெருவில் இருந்த பீர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை என்று டாக்டர் ஜான் ஸ்நோ குறித்து வைத்தார். குடிப்பிரியர்கள் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். ஆனால் அதே குறிப்பில், ஆலைக்குள் தனியாக ஓர் ஆழ்கிணறு இருந்தது என்றும் ஸ்நோ எழுதியிருக்கிறார். அதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்கள். லண்டனிலும் சரயேவோவிலும் ஆலை காப்பாற்றியதற்கு அதன் சொந்தத் தண்ணீரும் காரணம். சாராயம் உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியே தள்ளும். அரசு இயந்திரம் இல்லாத நாளில் யாரோ காய்ச்சியதைக் குடிப்பது ஜாம்பியோடு கைகுலுக்குவதைவிட ஆபத்து; 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியானது அரசு இருக்கும்போதே நடந்தது.

பானங்களில் எனக்கு மதிப்பு இரண்டின் மேல்தான். ஒன்று, வெறும் தேநீர். தண்ணீரைக் கொதிக்கவைக்க ஒரு சாக்கு அது. மற்றது உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர். 1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தநாளம் வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மஹலநோபிஸ் டிரம்களில் இந்தக் கரைசலைக் கலக்கி, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை இல்லாத வீட்டில் உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. எல்லா முன்னெச்சரிக்கையும் தவறி வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் உயிரைப் பிடித்து வைப்பது இதுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழைக்காலம்; நிலத்தடியில் தண்ணீர் நிறைய இருந்தது; ஊர் நடுவே மேல்நிலைத் தொட்டி அப்படியே நின்றது; ஆனால் குழாயில் காற்றுதான் வந்தது. வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து ஊர் ஊராகத் தொட்டியை நிரப்பினார்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும் இதே கதை: தரைத்தளம் முழுக்கத் தண்ணீர், மேல்தளத்தில் குடிக்க ஒரு சொட்டு இல்லை, கேன் விலை பல மடங்கு. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ரயிலும் மின்சாரத்தில்தான் ஓடும். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்க ஆலைகள் அமைத்திருக்கிறோம். வறட்சிக்கு அவை அரண்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். வீட்டுக்கு வீடு குழாய் என்பது நல்ல திட்டம். இடுப்பில் குடத்தோடு நடந்த பெண்களின் நேரத்தை அது மீட்டுக்கொடுத்திருக்கிறது. அந்தக் குழாய் வந்ததும் தெருமுனை அடிபம்பைக் கழற்றிவிட்டு அதே போரில் மோட்டாரை இறக்கியதும், பொதுக்கிணற்றைக் குப்பை கொட்டி மூடியதும் அந்தத் திட்டத்தில் எழுதியிருந்த நிபந்தனை அல்ல. அது நாமாகச் செய்துகொண்டது. உலகில் மிக அதிகமாகப் பயன்பட்ட கைப்பம்பான இந்தியா மார்க் 2, சோலாப்பூரில் பிறந்த ஒரு வடிவத்தை எடுத்து யுனிசெஃப் உதவியோடு 1970களில் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் நிறுவனத்தில் உருவாக்கியது; கோவை வட்டாரத்தில் சோதித்துப் பார்த்தது. ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை போன நம் சரக்கு.

அடிபம்பையும் கிணற்றையும் மீட்க வேண்டும் என்றால், ஜெனரேட்டர் போதாதா என்று கேட்பார்கள். சாதாரணப் புயலுக்குப் போதும், கஜாவில் போதுமானதாகவே இருந்தது. டீசல் வெளியிலிருந்து வந்தது, வெளி மாவட்டங்கள் நன்றாக இருந்தன என்பதால். வெளி என்று ஒன்று இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2022 வசந்தத்தில் மரியுபோல் நகரம் காட்டியது. உக்ரைனின் அந்த முற்றுகை நகரத்தில் மக்கள் பனியை உருக்கினார்கள், வீட்டைச் சூடாக்கும் இரும்புக் குழாய்களில் தேங்கிய தண்ணீரை வடித்துக் குடித்தார்கள்.

இன்னும் வலுவான எதிர்வாதம் நிலத்தடி நீர் பற்றியது. மார்க் 2 பம்பு ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம் வரைதான் இழுக்கும். கோவையிலும் சேலத்திலும் ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறவர்களிடம் அடிபம்பைப் பற்றிப் பேசினால் கேலி செய்வார்கள். கேலியில் நியாயம் இருக்கிறது. அந்தப் பகுதிகளில் அது பலிக்காது. அங்கே மழைநீரைச் சம்பில் பிடித்து வைப்பதுதான் வழி. 2003இல் தமிழ்நாடு எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலான வீடுகளில் அது நிலத்துக்குள் விடும் குழியாக நின்றுவிட்டது. பத்தாயிரம் லிட்டர் சம்ப் ஒன்று, ஒரு கயிறும் வாளியும் போட மூடித்திறப்போடு இருந்தால், நான்கு பேருக்கு 160 நாளுக்கு மேல் தாங்கும். காவிரிப் படுகையிலும் கடலோரத்திலும் சென்னையின் மணற்பாங்கான பகுதிகளிலும் நிலைமை வேறு. அங்கே அடிபம்பும் கிணறும் இன்றும் பலிக்கும்.

அடுத்தது தரம். கிணற்றுத் தண்ணீர் நல்லது என்று கண்மூடி நம்பியதற்கு வங்கதேசம் கொடுத்த விலை பயங்கரமானது. குளத்துத் தண்ணீரால் பிள்ளைகள் சாகிறார்கள் என்று 1970கள் முதல் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். 1990களில்தான் அவற்றில் பலவற்றில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் ஃபுளோரைடு. கொதிக்கவைத்தால் இவை போகாது. தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் செறிவாகும். ஆனால் ஃபுளோரைடு ஆளை முடக்கப் பல ஆண்டு எடுத்துக்கொள்ளும், காலராவுக்குச் சில மணி நேரம் போதும். நெருக்கடியில் எதை முதலில் தடுப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். மேலும் இந்தச் சோதனையை ஜாம்பிகள் வந்தபின் செய்ய முடியாது. ஆய்வகம் திறந்திருக்கும்போதே செய்யலாம். வங்கதேசத்தில் சோதித்த கிணறுகளுக்குப் பாதுகாப்பானால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு என்று வாயில் வண்ணம் அடித்தார்கள். எழுத்தறியாதவருக்கும் புரியும். நம் ஊராட்சிகளும் வார்டுகளும் இதைச் செய்ய ஒரு டப்பா பெயின்ட்தான் கூடுதல் செலவு.

வரிசையே ஆபத்து என்பது டோப்ரின்யா சொல்லும் எதிர்வாதம். அது உண்மை. ஊருக்கு ஒரே பம்பு என்றால் குண்டுக்கும் நோய்க்கும் ஜாம்பிக்கும் அது ஒரே இலக்கு. அதனால்தான் பெரிய மையம் ஒன்றைவிடச் சின்னச் சின்னதாகப் பத்து இருப்பது மேல் என்கிறேன். மார்க் 2 நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தரும். இரண்டு தெருவுக்கு ஒன்று இருந்து, முறை வைத்துப் பிடித்தால் யாரும் அரை மணிக்கு மேல் நிற்க வேண்டியிருக்காது.

கடைசியாகப் பராமரிப்பு, இந்த யோசனை தோற்பதானால் இங்கேதான் தோற்கும். யாரும் அடிக்காத பம்பில் வாஷர் காய்ந்து, சங்கிலி துருவேறி, வேண்டிய நாளில் கைப்பிடி மட்டும் ஆடும். பேரிடருக்கென்று பூட்டி வைத்த பம்பு ஒன்றுக்கும் உதவாது. தினம் செடிக்கு ஊற்றவும் தெருக் கழுவவும் மாட்டுக்கு வைக்கவும் அது பயன்பட்டாக வேண்டும். பழுதானால் மாவட்டத் தலைமையிடத்திலிருந்து வண்டி வரும்வரை காத்திருக்கவும் கூடாது. இதற்காகவே பின்னால் வந்த மார்க் 3இல், கிணற்றுக்குள் இறங்கும் குழாயைக் கழற்றாமலேயே பிஸ்டனை மேலே எடுத்து வாஷர் மாற்றும்படி செய்தார்கள். ராஜஸ்தானின் டிலோனியாவில் இயங்கும் பேர்ஃபுட் கல்லூரி, பள்ளிப் படிப்பு அதிகமில்லாத கிராமத்துப் பெண்களையே கைப்பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்றுவித்தது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழு இல்லாத ஊராட்சி இல்லை. ஒரு குழுவுக்கு ஒரு ஸ்பேனர் செட், ஒரு பெட்டி வாஷர், மாதம் ஒரு முறை அடித்துப் பார்த்ததற்குக் கையெழுத்திட ஒரு நோட்டு, அதற்கு ஒரு சிறு ஊதியம். ஊராட்சியின் குடிநீர்ச் செலவில் மேல்நிலைத் தொட்டி மோட்டாரின் கரண்ட் பில்லுக்குக் கீழே இன்னொரு வரியாக இதை எழுதலாம்.